பாதி தீட்டிய கிறிஸ்துமஸ் மரங்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் மொய்க் கவரின் மேல் பெயரும், கோயிலில் பூசைக்குக் கொடுக்கும் சீட்டும்தான். கோர்வையாகச் சொல்ல வராது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். சில விஷயம் சுத்தமாக மறந்துவிட்டது. நாலு பேர் உட்கார்ந்திருந்தால் வாயே திறக்காதவள் நான். ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த ஷீபா என்ற பெண், "எழுதித் தாங்க அம்மச்சி, உங்கள மாதிரி வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதனால் ஒத்துக்கொண்டேன்.

எனக்கு ஊர் கம்பத்துப் பக்கம், கூடலூருக்குக் கொஞ்சம் முன்னால். வீட்டுக்காரர் தவறி வருஷங்கள் ஆகிவிட்டன. தனியாகத்தான் இருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் எங்கள் ஊர் முக்கில் ஜீப்புக்கு நிற்பார்கள். அவர்களுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. காரப் பணியாரமும் கருப்பட்டிப் பணியாரமும். அவர்கள் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறியதும் அடுப்பை அணைத்துவிட்டு முதல் டீயைக் குடிப்பேன். அதுதான் என் நாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மார்கழி பிறக்கப் போகிற பனி. அன்றைக்கும் சட்டியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். இடது கையில் பிடித்திருந்த மாவுத் தூக்கு கீழே விழுந்து கொட்டிவிட்டது. யாரோ தட்டிவிட்டார்கள் என்று நினைத்து, "யாருடி அவ?" என்றேன். எனக்கு அப்படிச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் அவர்களுக்கு வேறு என்னவோ கேட்டிருக்கிறது. ஒரு பெண், "ஏத்தா, மேரியக்காவுக்கு வாய் கோணுது" என்று கத்தினாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கி என்னைத் தூக்கி உள்ளே போட்டார்கள். மேலே தோட்டத்துக்குப் போக வேண்டிய ஜீப் கீழே கம்பத்துக்குத் திரும்பியது. அவர்களுக்கு அன்றைய கூலி போனது. இன்றுவரை ஒருத்திகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

கம்பத்தில் பார்த்துவிட்டு உடனே தேனிக்கு அனுப்பினார்கள். தேனியில் பெரிய ஆஸ்பத்திரி. வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருந்தேன். மேலே ஓடுகிற மின்விசிறியை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது நினைவிருக்கிறது. அப்புறம் ஒரு வட்ட மிஷினுக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். வலிக்காது, ஆனால் ஆடக் கூடாது. உள்ளே இருக்கும்போது அருள்நிறைந்த மரியே ஜெபம் சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்து போய் மறுபடி முதலில் இருந்து சொன்னேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல பொறுமை. என் மகன் ராசுவிடம் படத்தைக் காட்டிச் சொன்னார். ராசு சின்னமனூரில் இருக்கிறான், திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தும் குழாயும் விற்கிற கடையில் வேலை. அதைத் தெரிந்துகொண்டு அவன் பாஷையிலேயே சொன்னார்.

"சொட்டு நீர்க் குழாய்ல மண்ணு அடைச்சா என்னாகும்?"

"அந்த இடத்துக் கொடி மட்டும் வாடிரும் சார்."

"அதேதான். அம்மாவுக்கு மூளைல வலது பக்கம் ஒரு சின்னக் குழாய்ல ரத்தம் கட்டி அடைச்சிருச்சு. வலது பக்க மூளை இடது கை காலப் பாத்துக்கும். அதான் இடது பக்கம் வெளங்கல. சீக்கிரம் கொண்டாந்துட்டீக, பொழச்சாக."

பக்கவாதம் என்று ஊரில் சொல்வோமே, அதுதான். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார். கையும் வரும், மெதுவாக வரும்.

அன்றைக்கு ராசு வேறு ஒன்றும் கேட்டான். அது என் காதில் விழுந்துவிட்டது. "இனிமே அம்மா தனியா இருக்க முடியுமா சார்? அடுப்பு வேலை அவகளுக்கு." டாக்டர், "பாப்போம். சில டெஸ்ட் இருக்கு. அதுல தேறுனா இருக்கலாம்" என்றார். ராசு சின்னமனூரில் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறான். அவனும் என் மருமகள் செலினும் நல்ல பிள்ளைகள். ஆனால் அந்த மாடியில் நான் என்ன செய்வேன்? காலையில் யாருக்குப் பணியாரம் சுடுவேன்? அந்த டெஸ்டில் தேறிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போதிருந்து என் ஜெபம்.

வார்டில் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி. விழுந்துவிடாமல் இருக்க என்று ஏற்றி விட்டிருப்பார்கள். ஒன்றுக்குப் போக வேண்டுமானாலும் கூப்பிட்டுத்தான் இறக்கச் சொல்ல வேண்டும். எனக்குக் கூப்பிட வெட்கம். அடக்கிக்கொண்டு படுத்திருப்பேன். முதலில் சிலநாள் தண்ணீரைக்கூட ஸ்பூனில் கொடுத்து, புரை ஏறுகிறதா என்று தொண்டையைப் பார்த்தபிறகுதான் சாப்பாடு தந்தார்கள். வாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதும் சில சமயம் மறந்து போகுமாம்.

வலது பக்கத்துக் கட்டிலில் தேவாரத்துப் பேச்சியம்மா. அவளுக்கும் என் வியாதிதான், ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வார்டு முழுக்க அவள் குரல்தான். "ஏக்கா, உனக்கு எடது எனக்கு வலது. ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு முழுப் பொம்பள ஆயிருவோம்" என்பாள். நான் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஷீபா குமுளிக்காரி. பேச்சில் மலையாளம் இழையும். ஒருநாள் கட்டிலின் மேல் மேசையைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு தாளை ஒட்டி, கலர் மெழுகுக் குச்சிகளை வைத்தாள். தாளில் கிறிஸ்துமஸ் மரம். மூன்றடுக்கு, உச்சியில் நட்சத்திரம், கிளையெல்லாம் உருண்டைகள், கீழே பரிசுப் பெட்டிகள். சின்னப் பிள்ளைகள் தீட்டுகிற மாதிரி கோட்டுப் படம்.

"இதுக்குக் கலர் அடிங்க அம்மச்சி. திருநாளும் வருதில்லே."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "நானா? இந்த வயசுலயா?" என்றேன்.

"ஏக்கா, நீயாவது மரத்துக்கு அடிக்கிற. எனக்கு நேத்துப் பொத்தான் போடச் சொன்னா, சட்டையே இல்லாம வெறும் பொத்தான்" என்றாள் பேச்சியம்மா.

தீட்டினேன். பச்சையை அழுத்திக் கோட்டுக்கு வெளியே போகாமல், உருண்டைக்குச் சிவப்பும் மஞ்சளும் மாற்றி மாற்றி. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கலர் வாங்கிக் கொடுக்க ஆள் கிடையாது. அது இப்போதுதான் கையில் கிடைத்தது. வெட்கம் போய் ஆசை வந்துவிட்டது. குச்சியைக் கீழே வைத்து, "முடிஞ்சதுத்தா" என்றேன்.

பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, ஆடு மேஞ்ச மரமாட்டம் இருக்கே!"

ஷீபா தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "இந்தப் பக்கம் எதுக்கு விட்டீங்க?"

அவள் விரல் போன இடத்துக்கு என் கண்ணும் போனது. அங்கே வெள்ளையாக இருந்தது. என் வாய் தானாகச் சொன்னது: "அது சுவத்துப் பக்கம்."

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் திருநாளுக்கு சவுக்குக் கிளையை வெட்டி வந்து, மண் போட்ட தகர டின்னில் நட்டு, குடிலுக்குப் பக்கத்து மூலையில் சாய்த்து வைப்போம். ஜனம் நிற்கிற பக்கம்தான் ஜிகினாவும் பலூனும் கட்டுவது. சுவரைப் பார்த்த பக்கம் மொட்டையாகவே இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்? ஜிகினாவை எதற்கு வீணாக்க வேண்டும்? வீடுகளிலும் அப்படித்தான். சின்ன வயதில் இருந்து எனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஒரு பக்கம்தான்.

அந்த நேரம் பார்த்து ராசு பிளாஸ்கோடு வந்தான். கேட்டதும் சிரித்துவிட்டான். "நெசந்தான் சிஸ்டர். எங்க ஊருல அப்பிடித்தான் கட்டுவாக. சுவத்துப் பக்கம் ஒரு பலூன் கட்டுனாக்கூட கோயிலப் பாத்துக்கிற எங்க கோயில்பிள்ள வைவாரு."

ஷீபாவும் சிரித்தாள். மறுநாள் டாக்டர் வந்தபோது அவரிடமும் சொல்லிச் சிரித்தார்கள். நான் போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம். "அம்மா தெளிவாத்தான் இருக்காக. கால் நின்னுருச்சுன்னா திருநாளுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் டாக்டர். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. நான் என் வீடு என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். சொன்னபோது எனக்கு அதுதான் உண்மை. பாதியை விட்டுவிட்டு அதை மூடி மறைக்கவில்லை. எனக்குப் பாதி என்பதே தெரியவில்லை.

அதற்கப்புறம் தினம் ஒரு மரம். வார்டில் அதற்குப் பெயரே 'சுவத்துப் பக்கத்து மரம்' என்று ஆகிவிட்டது. மற்றக் கட்டில்களுக்கு வருகிறவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செலின் மட்டும் சிரிக்கவில்லை.

அவளோடு அந்த நாட்களில் எனக்கு மனத்தாங்கல். கேன்டீனில் நாலு இட்லி வாங்கி வந்தேன் என்பாள். தட்டில் இரண்டுதான் இருக்கும்.

"மிச்சம் எங்கன?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். நான் அப்படிக் கேட்கிறவள் இல்லை. பசி கேட்க வைத்தது.

அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். இரண்டு இட்லி இருந்தது.

"இப்பத்தான் வைக்கியா?"

"இப்பத்தான் வச்சேன் அத்த. சாப்பிடுங்க."

மருமகள் எனக்குச் சோற்றில் கணக்குப் பார்க்கிறாள் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அவளோ ஒவ்வொரு வேளையும் தட்டைத் திருப்பித் திருப்பி எனக்கு ஊட்டாத குறையாக வளர்த்திருக்கிறாள். ஒரு நாள் சூடான கஞ்சி டம்ளரை இடது பக்கம் வைத்திருந்தார்கள். நான் அசைந்தபோது விளங்காத இடது கை அதன்மேலேயே விழுந்து கிடந்தது. புறங்கை வெந்து போனது. எனக்கு உறைக்கவே நேரம் ஆனது. அன்றுதான் செலின் ஷீபாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

ஷீபா வந்து, சும்மா கேட்கிற மாதிரி, "அம்மச்சி வீட்டுல என்ன வேல செய்வீங்க?" என்றாள். சொன்னேன். "அந்தச் சட்டி கொண்டுவர முடியுமா?" என்று செலினிடம் கேட்டாள். எனக்கு ஒரே குஷி. அடுப்பு டெஸ்ட் இதுதான், இதில் நான் தோற்க வழியே இல்லை என்று நினைத்தேன்.

ராசு ஊருக்குப் போய் என் சட்டியை எடுத்து வந்தான். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் குழிகள். எண்ணெய் ஊறிக் கறுத்த என் சட்டி. அதை மேசை மேல் வைத்தார்கள். நெருப்பு கிடையாது. செலின் தோசை மாவைக் கரைத்துத் தூக்கில் கொடுத்தாள். "எப்பவும் ஊத்துற மாதிரி ஊத்துங்க அத்த."

ஊற்றினேன். வலது கையில் கரண்டி பழைய மாதிரியே வந்தது. ஒரு குழியிலும் வழியவில்லை. ஊற்றி முடித்துத் தூக்கைப் பார்த்தால் மாவு மிஞ்சி நிற்கிறது. "என்னா செலினு, மாவு இம்புட்டுக் கரச்சுட்டே? நெதானம் இல்லையே உனக்கு" என்றேன். பேச்சியம்மா ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செலின் சட்டியை மெதுவாகத் திருப்பினாள்.

எங்கிருந்தோ காலிக் குழிகள் வந்தன. ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. கறுப்பாக, ஒரு பொட்டு மாவு இல்லாமல்.

"அத்த," என்றாள். கேலி இல்லை. "சட்டிக்கு எந்தப் பக்கம் சுவரு?"

இந்தத் தடவை என் வாய் தானாக ஒன்றும் சொல்லவில்லை.

ஷீபா என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். இதற்கு இங்கிலீஷில் நெக்லெக்ட் என்று பெயராம். "கண்ணுல கோளாறு இல்ல அம்மச்சி. கண்ணு பாக்குது. மூளை இடது பக்கத்த வாங்கிக்க மாட்டேங்குது. அங்கன ஒண்ணும் இல்லன்னு விட்டுருது. இருட்டாத் தெரிஞ்சாலாவது, ஏதோ தெரியலையேன்னு தேடுவீங்க. இதுல தேடவே தோணாது." சாரமில்ல, சாரமில்ல என்று என் கையைத் தடவினாள். பரவாயில்லை என்பதற்கு அவர்கள் அப்படிச் சொல்வார்கள். எந்தக் கையைத் தடவினாள் என்று இப்போது யோசிக்கிறேன். வலது கையாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போவது நின்றது. டாக்டர் வந்து, தட்டு விஷயத்தை முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டும் என்று தன்மேலேயே குறைபட்டுக்கொண்டு, பயிற்சியை நீட்டித்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த பயம் வாதம் வந்த அன்றுகூட வரவில்லை. கட்டில் கம்பியை இறக்கச் சொல்லலாம். வார்டுக் கதவைத் திறக்கச் சொல்லலாம். இதை யாரிடம் போய்த் திறக்கச் சொல்வது? பாதியில் அடைபட்டிருக்கிறேன், ஆனால் எனக்கு அது முழுசாகத் தெரிகிறது. சுவர் எங்கே என்று தடவிப் பார்க்கலாம் என்றால், தடவ வேண்டிய பக்கத்துக்குக் கை போக மாட்டேன் என்கிறது. எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது?

ஷீபா என் கட்டிலை மாற்றிப் போட்டாள். முன்பு இடது பக்கம் சுவர் இருந்தது. இப்போது வலது பக்கம் சுவர், இடது பக்கம் கதவும் ஆட்களும். அந்தப் பக்கம் திரும்பப் பழக வேண்டுமாம். அது இன்னும் கொடுமையாகப் போனது. எனக்கு ஆட்களே இல்லாமல் போய்விட்டார்கள். சுவர்ச் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மத்தியானம் ஒருநாள் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன்.

"ஏக்கா, எதுக்கு அழுகுற?" பேச்சியம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"காலையில இருந்து ஒருத்தரும் வரலையே பேச்சி. செலினுகூட வரலையே. சட்டியத் திருப்பிக் காட்டுனதோட வேல முடிஞ்சுதுன்னு போயிட்டா போல."

"அடிப்பாவி மனுசி! ஒம் மருமக விடிஞ்சதுல இருந்து அங்கன தான உக்காந்திருக்கா! ஒரு ஆரஞ்சப் பூராம் உரிச்சு வச்சுக்கிட்டு, நீ திரும்புவ திரும்புவன்னு பாத்துக்கிட்டு இருக்கா!"

என் கன்னத்தில் ஒரு கை பட்டது. அது என் முகத்தை மெதுவாக இடது பக்கம் திருப்பியது. செலின் இருந்தாள். மடியில் தட்டு, தட்டில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள். தோல் காய்ந்துகூடப் போயிருந்தது. ஷீபா கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், நானாகத் திரும்ப வேண்டும் என்று. அவளும் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு.

"சாப்பிடுங்க அத்த" என்றாள்.

இந்த நோயில் எனக்குச் செய்யப்பட்ட நன்மை பாதிக்குமேல் இப்படித்தான் நான் காணாத பக்கத்தில் நடந்திருக்கிறது. பில்லைப் பற்றி ராசுவிடம் கேட்டால், "நீ கலரு அடிம்மா" என்று வாயை அடைத்துவிடுவான். அவன் என்ன பாடுபட்டான் என்பதும் எனக்குத் தெரியாது.

மரங்கள் தொடர்ந்தன. இப்போது ஷீபா ஒவ்வொரு தாளிலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்பாக ஒரு தடித்த கோடு போட்டுக் கொடுத்தாள். "முதல்ல சிவப்பத் தேடணும் அம்மச்சி. சிவப்பு கிடைக்கிற வரைக்கும் குச்சிய எடுக்கக் கூடாது." தலையைத் திருப்பு, இன்னும் திருப்பு, இன்னும் என்று சொல்வாள். கழுத்து வலிக்கும். பக்கத்தில் ஒன்றுமே இல்லாத பள்ளத்தில் எட்டிப் பார்க்கிற மாதிரி பயமாக இருக்கும். திடீரென்று சிவப்புக் கோடு வரும். கோட்டில் இருந்து கிளை வரும், உருண்டை வரும். தீட்டிக்கொண்டே வலது பக்கம் வந்துவிட்டால் மறுபடி அந்தப் பக்கம் மறந்துபோகும். மறுபடி தேடு.

திருநாளும் அங்கேயே வந்தது. பக்கத்துப் பங்குக் கோயிலில் இருந்து பிள்ளைகள் வந்து வார்டில் பாட்டுப் பாடினார்கள். நான் சுவரைப் பார்த்தபடி, யார் செல்போனில் இவ்வளவு சத்தமாகப் பாட்டு வைத்தது என்று கேட்டேன். பேச்சியம்மா மெல்ல, "திரும்பிப் பாருக்கா" என்றாள். திரும்பினேன், இன்னும் திரும்பினேன். தொப்பி போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கடைசிப் பிள்ளை கையை ஆட்டியது. அதற்குப் பின்னாலும் யாராவது இருந்தார்களோ என்னவோ.

திருநாள் முடிந்து பொங்கல் கூடப் போயிற்று. ஊரெல்லாம் மரத்தைப் பிரித்து எடுத்துவிட்டிருப்பார்கள். எனக்கு மட்டும் தினமும் கிறிஸ்துமஸ் மரம். ஒரு நாள் கோபத்தில் குச்சிகளைத் தள்ளிவிட்டேன். "வேற படமே கெடையாதா உங்ககிட்ட? ஒரு மாங்கா, ஒரு கோழி?" ஷீபா சிரித்தாள். "கோழி ஓடிடும் அம்மச்சி. மரம்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணு போல நிக்கும். எது விட்டுப்போச்சுன்னு உடனே தெரியும்." உடனே தெரியும் என்று அவள் சொன்னது அவளுக்குத்தான். எனக்கு அல்ல.

பேச்சியம்மா கம்பு ஊன்றி நடந்து தேவாரம் போய்ச் சேர்ந்தாள். போகும்போது என் இடது பக்கம் வந்து நின்றுகொண்டு, நானாகத் திரும்புகிறவரை நகரவே இல்லை. "இப்ப என்னயப் பாத்துட்டேல, இனி தேறிருவே" என்றாள்.

கடைசி டெஸ்ட் அன்று சிவப்புக் கோடு கிடையாது. வெறும் தாள், வெறும் மரம். டாக்டர், ஷீபா, ராசு, செலின் எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லாத கோட்டைத் தேடித் தேடித் தலையைத் திருப்பினேன். விரலால் தாளின் ஓரம் தட்டுப்படுகிறதா என்று தடவினேன். ஓரம் தட்டுப்பட்ட பிறகுதான் பச்சையை எடுத்தேன். நிறைய நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. குச்சியை வைத்து, "முடிஞ்சது" என்றேன்.

ராசு கைதட்டிவிட்டான். செலின் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். முழு மரம் என்றார்கள். நட்சத்திரத்தின் எல்லா முனையும், கீழே எல்லாப் பெட்டியும். சட்டியை வைத்தார்கள். அதிலும் எல்லாக் குழியும் நிறைந்தது.

"தேறிட்டீக" என்றார் டாக்டர். "உங்க வீட்டுக்கே போகலாம். அடுப்புக்கிட்ட மட்டும் கவனம்."

ராசு சட்டைப்பையில் இருந்து என் வீட்டுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "ஒன் இஷ்டம்மா. எங்கன போகணுங்கிறியோ அங்கன வண்டிய விடச் சொல்றேன்."

இத்தனை நாளும் நான் ஜெபித்தது கையில் இருந்தது. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஷீபா, முடிஞ்சதுன்னு நான் சொன்னப்ப நெசமாவே முடிஞ்சிருந்துச்சா?"

"முடிஞ்சிருந்துச்சு அம்மச்சி. சத்தியமா."

"மொத நாளு பாதி மரம் போட்டப்பவும் எனக்கு இதே மாதிரிதான தோணுச்சு. துளி வித்தியாசம் இல்லையே."

ஷீபா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தாளைப் பார்த்தார். ஆமாம் என்றுதான் அதற்கு அர்த்தம். தேறினாலும், தேறினேனா என்பதை எனக்கு இன்னொருவர்தான் சொல்ல வேண்டும். என் வீட்டில், விடியாத இருட்டில், கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் யார் இருக்கிறார்கள் சொல்ல? எனக்கு இடது பக்கம் வந்து நிற்கிற பெண்ணின் கைப்பிள்ளை அடுப்பை எட்டினால்?

"சின்னமனூருக்கே விடச் சொல்லுப்பா" என்றேன்.

செலின், "அத்த, நெசமாவா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. என் ஊருக்குப் போகிற அதே ரோடுதான். மலை எதிரே தெரிந்துகொண்டே வந்தது. பாதி வழியில் இறங்கிக்கொண்டேன்.

மாடி வீடு. ஜன்னலில் பஸ் போர்டு தெரியும். 'மனூர்' என்று ஒரு பஸ் அடிக்கடி போகும், அது எந்த ஊர் என்று யோசிப்பேன். அப்புறம் தலையைத் திருப்பினால் 'சின்ன'வும் வரும். சில நாள் சிரிப்பேன். சில நாள் ஜன்னலை மூடிவிடுவேன். கீழே இறங்க ஆள் வேண்டும். என் வீட்டின் நினைப்பு மாலையில்தான் அதிகம் வரும். அதை இவர்களிடம் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை செலின் அடுப்பில் சட்டியை வைப்பாள். நான் ஊற்றுவேன், அவள் சட்டியைத் திருப்புவாள், நான் மறுபடி ஊற்றுவேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செலினு, ஷீபாவிடம் கொடுப்பதற்கு முன்னால் நீ ஒருமுறை இதைப் பார்த்துவிடு. டாக்டர் சொன்னதை நான் தப்பாக எழுதியிருந்தால் ஷீபா திருத்தட்டும். நாள் முன்னே பின்னே இருந்தால் ராசு சொல்லட்டும். நீ தாளின் இடது ஓரத்தை மட்டும் பார். நீங்கள் எல்லோரும் எனக்குச் செய்ததில் எதையாவது நான் எழுதாமல் விட்டிருந்தால், கூச்சப்படாமல் எழுதிச் சேர்த்துவிடு. எனக்கு எல்லாம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது.